வேட்டைக்குப் போகும் கால்களுக்கு எந்தச் சப்பாத்து?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒன்ராறியோ மாகாணத்தில் மான் வேட்டைக்கு உரிமம் பெறும் முறையை விளக்கியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் துவக்கைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் காலில் போடுவதைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அவர்கள் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். நவம்பர் மாதத்துக் காட்டிலிருந்து நேரத்தோடு வாகனத்துக்குத் திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்புவது கால்விரல்கள்தான். சப்பாத்துக் கடையில் நீண்ட காலம் கால் அளந்தவன், பருவம் வந்தால் காட்டுக்கும் போகிறவன் என்ற இரண்டு தகுதிகளோடு இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

வரும் நவம்பரில் நண்பர்களுடன் முதன்முறையாக ஹாலிபேர்ட்டன் பகுதிக்கு மான் வேட்டைக்குப் போகிறேன். கடையில் 200 கிராம், 400 கிராம், 1000 கிராம் என்று எழுதிய பூட்ஸ்கள் இருக்கின்றன. அதிக கிராம் உள்ளதை வாங்கினால் போதும்தானே?
— வாசகர், ஸ்காபரோ

போதாது, சில வேளைகளில் அது பிழையான தெரிவாகவும் முடியும். அந்த எண், பூட்ஸின் உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும் தின்சுலேட் போன்ற வெப்பக்காப்புப் பொருள் ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பதை மட்டுமே சொல்கிறது. பூட்ஸின் எடையையோ, எவ்வளவு குளிரை அது தாங்கும் என்பதையோ அது சொல்வதில்லை. பெட்டியின் மேல் ‘கழித்தல் 40 பாகை வரை’ என்று அச்சிட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா நிறுவனங்களும் அதை ஒரே முறையில் அளப்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் காலுக்கும் அசையாமல் இருக்கும் காலுக்கும் ஒரே எண் பொருந்தவும் மாட்டாது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் உங்கள் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: காட்டில் உங்களுக்கு என்ன வேலை? அந்தப் பகுதியில் குழுவாக வேட்டையாடுகிறவர்களில் சிலர் மான் கடக்கும் தடங்களில் காவல் இருப்பார்கள். மற்றவர்கள் நாய்களுடனோ நாய்கள் இல்லாமலோ மானைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். முதல்முறை போகிறவரைப் பெரும்பாலும் காவலில்தான் இருத்துவார்கள். விடியற்காலையில் உறைநிலையை ஒட்டிய குளிரில், மூன்று நான்கு மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் அந்த வேலைக்கு 800 அல்லது 1000 கிராம் பூட்ஸ் மிகையல்ல. ஆனால் கலைத்து வருகிறவரின் காலில் அதே பூட்ஸ் அரை மணி நேரத்தில் வியர்வையால் நனைந்துவிடும். அவர் களைத்துப்போய் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்த கையோடு அந்த வியர்வை குளிர்ந்து, காப்பே இல்லாத சப்பாத்தைப் போட்டதுபோல் ஆகிவிடும். நடக்கிறவருக்கு 200 கிராம் போதும். குளிர் மிகுந்த நாளில் 400 கிராம்.

காவல் இருப்பவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. வாகனத்திலிருந்து காவலிடம் வரை இருட்டில், மேடும் பள்ளமுமாக ஒரு கிலோமீற்றரேனும் நடக்க வேண்டியிருக்கும். அந்த நடையில்தான் கால் நனைகிறது. பழகியவர்கள் மெல்லிய காலுறையோடு, நாடாவைச் சற்றுத் தளர்த்தி, ஆறுதலாக நடந்து போவார்கள். இடத்தை அடைந்ததும் மரத்தில் சாய்ந்து ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு, பையிலிருக்கும் காய்ந்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்வார்கள். இதற்கு இரண்டு நிமிடம் செல்லும். அதன் பயனை மூன்றாவது மணி நேரத்தில் உணர்வீர்கள். பருத்திக் காலுறை எந்த நிலையிலும் வேண்டாம். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும் மெரினோ கம்பளியே இதற்கு உரியது.

இன்னும் ஒன்று. பாதத்தின் சூடு பக்கங்களால் போவதைவிட அடியால்தான் அதிகம் போகிறது. வெறும் பாறையிலோ, மரத்தில் பொருத்தி ஏறி இருக்கும் பரணின் உலோகத் தட்டிலோ காலை ஊன்றி இருந்தால் எத்தனை கிராமும் காப்பாற்றாது. ஒரு பழைய தரைவிரிப்புத் துண்டையோ நுரைப்பாயையோ காலுக்கடியில் போட்டுக்கொள்ளுங்கள். கால் அசையும்போது எழும் சத்தத்தையும் அது அடக்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் வெறுங்காலோடு வளர்ந்தவன் நான். என் பாதம் முன்புறம் அகன்றது. நீளம் சரியாக இருக்கும் பூட்ஸ் சுண்டுவிரலை நெரிக்கிறது. ஓர் அளவு கூட்டி வாங்கினால் குதிக்கால் ஏறி இறங்கிக் கொப்புளம் போடுகிறது. இரண்டு சோடி வாங்கியும் பயனில்லை.
— வாசகர், மார்க்கம்

நம்மவர்களில் பலருக்கு இருக்கும் சிக்கல் இது. இதில் உங்கள் பாதத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. சப்பாத்துப் பழக்கம் இல்லாமல் வளர்ந்த பாதத்தில் விரல்கள் தம் இயல்புப்படி விரிந்து நிற்கின்றன. இந்தியாவில் 2300 சிறுவர்களை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சப்பாத்து அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 வீதமானோருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 வீதம்தான். ஆகவே உங்கள் கால் நல்ல கால். கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சப்பாத்து அச்சுத்தான் அதற்கு ஒடுங்கலானது.

வட அமெரிக்க அளவுமுறையில் நீளத்துக்கு ஓர் எண் இருப்பதுபோல அகலத்துக்கு ஓர் எழுத்து உண்டு. ஆண்களுக்குச் சாதாரண அகலம் டி, அகன்றது 2ஈ, மிக அகன்றது 4ஈ. பெட்டியின் ஓரத்தில் இந்த எழுத்து சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். எழுத்தே இல்லாவிட்டால் அது டி என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தேவை அதே நீளத்தில் 2ஈ. நீளத்தைக் கூட்டினால் அகலமும் சிறிது கூடும் என்பது உண்மைதான்; ஆனால் குதிக்கால் இருக்கும் இடமும், பூட்ஸ் மடங்கும் இடமும் அதனோடு சேர்ந்து தள்ளிப்போய்விடுகின்றன. உங்கள் கொப்புளத்துக்குக் காரணம் அதுதான்.

நல்ல கடையில் பிரானொக் அளவி என்ற உலோகத் தட்டு ஒன்று இருக்கும். அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரத்தில் சப்பாத்துக் கடைக்காரர் ஒருவரின் மகனான சார்ல்ஸ் பிரானொக் 1920களில் உருவாக்கிய அந்தக் கருவி இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் பயன்பாட்டில் இருக்கிறது. அது மூன்று அளவுகளைத் தரும்: குதிக்காலிலிருந்து விரல்நுனி வரை, குதிக்காலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை, பாதத்தின் அகலம். கடை ஊழியர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தால், மற்ற இரண்டையும் பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள். பூட்ஸ் மடங்க வேண்டிய இடத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது அளவு. அது பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த பூட்ஸும் நாள் முழுக்கக் காலோடு சண்டை பிடிக்கும்.

அளப்பதற்கு மாலை நேரத்தில் போங்கள்; நாள் முழுதும் நின்ற பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். காட்டில் போடப்போகும் அதே தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். நாடாவைக் கட்டாமல், விரல்கள் முன்சுவரைத் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ளிவிட்டுக் குதிக்காலின் பின்னால் சுட்டுவிரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் நெருக்கமாகப் போனால் நீளம் சரி, இரண்டு விரல் போனால் பெரிது. பின்பு நாடாவைக் கட்டிக்கொண்டு கடையிலுள்ள சாய்பலகையில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல்நுனி முன்புறத்தில் இடித்தால், மானை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும் நாளில் நகம் கறுத்துவிடும் என்பது உறுதி.

குதிக்கால் இன்னும் சிறிது எழும்பினால், கணுக்கால் மடியும் இடத்தில் நாடாக்களை வழக்கமான ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அறுவைச் சிகிச்சையில் இடும் முடிச்சும் இதே வகையானதுதான். அது கீழ்ப்பகுதியின் இறுக்கத்தைப் பூட்டிவிடும். மேலே எவ்வளவு தளர்த்தினாலும் குதிக்கால் இடம் மாறாது. முன்புறம் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்டுவதே அகன்ற பாதத்துக்கு உரிய முறை.

தொழிற்சாலையில் போடும் சேஃப்டி சப்பாத்து நல்ல நிலையில் இருக்கிறது. தனியாக இன்னொன்று வாங்க வேண்டுமா?
— வாசகர், மிசிசாகா

கனடாவின் பாதுகாப்புத் தரக் குறியான பச்சை முக்கோணம் பதித்த அந்தச் சப்பாத்து பாரம் விழுவதிலிருந்து விரலையும், ஆணி ஏறுவதிலிருந்து அடிப்பாதத்தையும் காப்பதற்காகச் செய்யப்பட்டது. அதில் பெரும்பாலும் விரல்களின் மேல் ஓர் உருக்குக் கவசம் இருக்கும். பல வகைகளில் பாதத்துக்கடியில் ஓர் உருக்குத் தகடும் இருக்கும். உருக்கு சூட்டை விரைவாக வெளியே கடத்தும். நடமாட்டம் உள்ள தொழிற்சாலைக்குள் இது தெரியாது. காவல் இருக்கும் காலுக்கு முதலில் தெரிவதே இதுதான். கவசம் வளையாது என்பதால் சரிவில் இறங்கும்போது அதன் பின்விளிம்பு விரல்மூட்டுகளில் உராயவும் செய்யும். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் நடந்துவிட்டு வருவதற்கு அதையே போட்டுப் போகலாம். நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் வேண்டாம்.

வழுக்கும் தன்மையையும் கவனியுங்கள். எண்ணெய்த் தரையில் வழுக்காத அடிப்பகுதி பனிக்கட்டியில் வழுக்காது என்று எண்ண முடியாது. ரொறன்ரோ மறுவாழ்வு மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஈரப் பனிக்கட்டித் தளத்தைச் சாய்த்துச் சாய்த்து, எத்தனை பாகை வரை மனிதர் வழுக்காமல் நடக்கிறார் என்று சோதித்துக் குளிர்கால சப்பாத்துகளுக்குப் பனித்துகள் குறி வழங்குகிறார்கள். ஒரு குறி பெறுவதற்கு 7 பாகை தாண்ட வேண்டும். 2016இல் அவர்கள் முதலில் வெளியிட்ட 98 வகைகளில் பத்தில் ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. நிறைந்த துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு வழுக்கி விழுவது சாதாரண விழுகை அல்ல என்பதால், கடையில் அந்தப் பட்டியலை ஒருமுறை கைப்பேசியில் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

முழு இறப்பர் பூட்ஸா, தோல் பூட்ஸா, கோர்-டெக்ஸ் வைத்ததா? கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள்.
— வாசகர், ஒட்டாவா

ஒட்டாவாவுக்கு மேற்கேயும் வடக்கேயும் சதுப்பு நிலமும் பாறையும் மாறி மாறி வருவதால் கடைக்காரர்கள் எல்லோரும் ஓரளவு சரியாகவே சொல்லியிருப்பார்கள். சேற்றிலும் தேங்கிய நீரிலும் நிற்க வேண்டிய காட்டுத்தாரா வேட்டைக்கு முழங்கால் உயர இறப்பர் பூட்ஸுக்கு ஈடில்லை. தோலைப்போல மனித வாடையை அது உறிஞ்சுவதில்லை என்பதற்காக வில்வேட்டைக்காரர்களும் அதையே விரும்புகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பெற்றோல் நிலையத்தில் இறங்கி நின்றால் அந்த நன்மை அங்கேயே போய்விடும். அதன் குறைகள் இரண்டு. வியர்வை வெளியேற வழியில்லை. கணுக்காலுக்குப் பிடிமானம் இல்லை. பாறையில் அதோடு நீண்ட தூரம் நடப்பது வேதனை.

கோர்-டெக்ஸ் போன்ற மென்படலம் நீர்த்துளியை உள்ளே விடாமல் நீராவியை வெளியே விடுகிறது. உள்ளே சூடும் ஈரமும் மிகுந்து, வெளியே குறைவாக இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். வெளித்தோல் நனைந்து ஊறிவிட்டால் ஆவி போவது ஏறத்தாழ நின்றுவிடும். அப்போது உங்கள் வியர்வையையே கசிவு என்று எண்ணிக் கடைக்காரரிடம் கோபிக்க வேண்டியிருக்கும். அதனால் மென்படலம் இருந்தாலும் தோலுக்கு மெழுகு பூசுவதை விடக்கூடாது. ஓடையில் கால் வைத்து மேல்விளிம்பு வழியாக நீர் உள்ளே போய்விட்டாலோ, அந்தப் படலமே நீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். காய்வதற்கு இரண்டு நாளாகும்.

கீழே இறப்பரும் மேலே தோலும் சேர்ந்த மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் லியோன் லியோன்வூட் பீன் என்பவர், நனைந்த கால்களோடு வேட்டையிலிருந்து திரும்பிய பின், சாதாரண இறப்பர் அடிப்பகுதியில் தோலைத் தைத்து 1912இல் விற்கத் தொடங்கியது இது. முதலில் விற்ற 100 சோடிகளில் 90, தோலும் இறப்பரும் சேரும் தையல் பிரிந்து திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த இணைப்பைத் திருத்தினார். நூறு ஆண்டு கழிந்தும் இந்த வகையின் பலவீனமான இடம் அந்தத் தையல்தான் என்பதால், வாங்கும்போது அதை விரலால் தடவிப் பாருங்கள். பருவத்துக்கு ஒருமுறை மெழுகு பூசுங்கள். நடையும் சேறும் கலந்த உங்கள் பகுதிக்கு, கழற்றி உலர்த்தக்கூடிய ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித் துணி) உள்ளுறையோடு வரும் இந்த வகையையே நான் தெரிவு செய்வேன். இன்னொரு சோடி உள்ளுறையையும் சேர்த்து வாங்கிக்கொண்டால், ஒன்று முகாமில் காயும்போது மற்றதைப் போட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் நனைந்த பூட்ஸை அடுப்புக்கோ சூடாக்கிக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை இளகும். பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஊறிய தாளை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

காட்டோடு கலந்து மறையும்படி காட்டுப்புள்ளி அச்சிட்ட பூட்ஸுக்கு அதிக விலை கேட்கிறார்கள். மானுக்கு மண்ணிறப் பூட்ஸ் தெரிந்துவிடுமா?
— வாசகர், வின்சர்

அச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மானுக்குச் செம்மஞ்சளைப் பிரித்தறிய இயலாது. நீலத்தை நம்மைவிட நன்றாகக் காணும். துவக்குப் பருவத்தில் தலையிலும், இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குலமும் செம்மஞ்சள் அணிய வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, முழங்காலுக்குக் கீழே உருமறைப்பு எதற்கு? மான் உங்களைக் கண்டுபிடிப்பது அசைவாலும் சத்தத்தாலும் வாடையாலும். மிச்சமாகும் பணத்தை நல்ல காலுறையில் போடுங்கள்.

எனக்கு 58 வயது. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. மகன் இந்த முறை வேட்டைக்குத் தன்னோடு வரும்படி கூப்பிடுகிறார். குளிருக்குச் சூட்டுப் பைகள் வாங்கி வைத்திருக்கிறேன். வேறென்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், ஏஜாக்ஸ்

தாராளமாகப் போங்கள் ஐயா. ஆனால் அந்தச் சூட்டுப் பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அவற்றுக்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிக்கும்போது அது சூட்டைத் தருகிறது. இறுக்கமான பூட்ஸுக்குள் காற்றில்லாமல் அடங்கியிருக்கும் பை, நாடாவைத் தளர்த்தியதும் திடீரென்று சூடேறலாம். உணர்வுள்ள பாதம் உடனே சொல்லிவிடும். நீரிழிவால் உணர்வு குறைந்த பாதம் சொல்லாது. தோல் வெந்தபின்தான் கண்ணால் கண்டறிய வேண்டியிருக்கும். மின்கலத்தால் சூடாகும் காலுறைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பயணத்துக்கு முன் உங்கள் குடும்ப வைத்தியரிடமோ பாத வைத்தியரிடமோ போய், மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கும் பரிசோதனையையும், பாதத்துக்கு இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உணர்வு குறைந்திருப்பதாக அவர் சொன்னால், பரணில் நீண்ட நேரம் இருப்பதைத் தவிர்த்து, முகாமுக்கு அருகில், வேண்டும்போது எழுந்து நடந்து திரும்பக்கூடிய இடத்தைக் கேட்டு வாங்குங்கள். உறைபனியால் விரல் பாதிக்கப்படுவதன் முதல் அறிகுறி மரத்துப்போவது. உங்களுக்கு அந்த அறிகுறி வேலை செய்யாமல் போகலாம்.

புதிய பூட்ஸை வேட்டை நாளில் முதன்முதலாகப் போடக்கூடாது என்பது எல்லோருக்கும் சொல்வது. உங்களுக்கு அது கட்டளை. சில வாரங்களுக்கு முன்பே வாங்கி, வீட்டுக்குள் அரை மணி, ஒரு மணி என்று போட்டு, கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அந்தப் பூட்ஸ் உங்களுக்குப் பொருந்தவில்லை. காலுறை வெளிர்நிறமாக இருக்கட்டும். இரத்தக் கசிவு உடனே தெரியும். ஒவ்வொரு முறையும் பூட்ஸுக்குள் காலை விடுவதற்கு முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு சிறு கல்லோ மடிந்த உட்தாளோ நாள் முழுக்க உணரப்படாமல் கிடந்து புண்ணாக்கியதை நான் கண்டிருக்கிறேன். இரவில் மகனைப் பாதத்தின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

என் கணவரோடு நானும் உரிமம் எடுத்திருக்கிறேன். பெண்களுக்கான வேட்டைப் பூட்ஸ் கடையில் குறைவு. ஆண்களின் சிறிய அளவை வாங்கலாமா?
— வாசகி, பிரம்ரன்

நீளத்தை மாற்றிக்கொள்வது எளிது: பெண்களின் அளவிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் ஆண்களின் அளவு வரும், உங்கள் 8, அங்கே 6½. ஆனால் பெண்களின் பாதம் பொதுவாக முன்புறத்தோடு ஒப்பிடும்போது குதிக்காலில் ஒடுங்கியது. ஆண்களின் பூட்ஸில் அந்த இடம் தளர்வாக இருக்கும். உங்கள் பாதம் அகன்றதாக இருந்தால் அது ஒத்துவரலாம். இல்லாவிட்டால் மலையேறுகிறவர்களுக்கான கடைகளில் பெண்களின் நடைப்பூட்ஸைத் தேடுங்கள். ‘வேட்டை’ என்ற சொல் பெட்டியில் இல்லாததால் அதன் தரம் குறைந்துவிடாது. தளர்வை நிரப்புவதற்காக இரண்டு தடித்த காலுறை போடுவது மட்டும் வேண்டாம். சூட்டைக் காப்பது காலைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்று. திணித்து நெரித்தால் அந்தக் காற்றும் போய்விடும், இரத்த ஓட்டமும் குறையும், கால் முன்னையைவிடக் குளிரும்.

வேட்டையில் எனக்கு விருப்பமில்லை. களிமண் தட்டுச் சுடுதலில் மட்டும் சேர்ந்திருக்கிறேன். அதற்கும் பூட்ஸ் வேண்டுமா?
— வாசகர், ஹமில்ரன்

தட்டுச் சுடுதலின் வகைகளான ட்ராப், ஸ்கீற் ஆகிய இரண்டிலும் பெரும்பாலும் கொங்கிறீற் தளத்தில் நின்று சுடுகிறீர்கள். 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்றில் நடை சொற்பம். நிற்பதும் திரும்புவதும்தான் வேலை. உடலின் பாரம் முன்காலில் சாய்ந்திருக்க, பறக்கும் தட்டோடு இடுப்புத் திரும்ப வேண்டும். ஆழமான பற்கள் கொண்ட வேட்டைப் பூட்ஸ் தளத்தைக் கவ்விக்கொண்டு அந்தத் திரும்பலைத் தடுக்கும். உயர்ந்த குதி பாரத்தைப் பிழையான இடத்துக்குத் தள்ளும். தட்டையான, அகன்ற, அதிகம் மெத்தென்று இராத அடிப்பகுதி கொண்ட சாதாரணச் சப்பாத்துப் போதும். மிகுந்த மெத்தை வைத்த ஓட்டச் சப்பாத்தில் சமநிலை சிறிது ஆடும். காடும் புல்வெளியுமாக நடந்து நடந்து சுடும் ஸ்போட்டிங் கிளேஸ் என்றால் மட்டும் கணுக்கால் உயர நடைச் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடையானாலும் செருப்பு வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் துவக்கிலிருந்து தெறிக்கும் வெற்றுத் தோட்டா சூடாக இருக்கும். சில மூத்த சுடுநர்களின் சப்பாத்து நாடாவில் ஒரு சிறு தோல் பட்டையைக் காண்பீர்கள். முறித்துத் திறந்த, தோட்டா இல்லாத துவக்கின் குழல்வாயை ஓய்வாக ஊன்றி வைப்பதற்கானது அது. பழகும் காலத்தில் அதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். குழல் காலை நோக்கியிருப்பதை ஒரு பழக்கமாகத் தொடங்குவது நல்லதல்ல.

வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போனால் உண்ணி கடிக்கும் என்கிறார்கள். பூட்ஸால் தடுக்க முடியுமா?
— வாசகர், விற்பி

ஏப்ரல் 25 முதல் மே 31 வரையான அந்தப் பருவம், கருங்கால் உண்ணிகள் புல்நுனிகளில் காத்திருக்கும் காலமும்கூட. உங்களுக்கு அருகிலுள்ள றூஜ் பள்ளத்தாக்கிலேயே அவை இருக்கின்றன. முழங்கால் உயர இறப்பர் பூட்ஸில் அவை பற்றி ஏறுவது கடினம். குட்டையான பூட்ஸ் என்றால் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். பார்க்க அழகாக இராது, ஆனால் பயன் உண்டு. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைத் தேடிப் பாருங்கள். லைம் நோய்க் கிருமி உடலுக்குள் செல்வதற்கு உண்ணி பொதுவாக 24 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றிரவே கண்டெடுப்பது பெரும் பாதுகாப்பு.

நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்ஸை அதிகம் போடாமல் நிலவறையில் பத்திரமாக வைத்திருந்தேன். எட்டு ஆண்டுகளுக்குப் பின் எடுத்துப் போட்டபோது, காட்டில் ஒரு மணி நேரத்துக்குள் அடிப்பகுதி தூள்தூளாக உதிர்ந்துவிட்டது. ஏமாற்றப்பட்டேனா?
— வாசகர், மொன்றியல்

ஏமாற்றவில்லை, பத்திரமாக வைத்ததுதான் வினையாகிவிட்டது. வெளி இறப்பருக்கும் மேல்தோலுக்கும் இடையில் அதிர்வைத் தாங்குவதற்காக வைக்கப்படும் நடு அடுக்கு, பல நல்ல பூட்ஸ்களில் பொலியூரிதேன் நுரையாலானது. அது மெத்தென்றிருக்கும், நீண்ட நடையில் எளிதில் நசுங்காது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப்பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடக்கும். பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் நுரை வலுவிழந்துவிடும்; ஈரமான நிலவறையில், மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இன்னும் விரைவாக. வெளியே தோல் புதிதுபோலவே இருப்பதால் யாருக்கும் ஐயம் வராது.

பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே பூட்ஸை வெளியே எடுத்து, அந்த நடு அடுக்கைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, அழுத்திய இடம் மீண்டும் எழும்பாவிட்டாலோ, நகத்தில் துகள் ஒட்டினாலோ அதைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பூட்ஸைக் காற்றோட்டமுள்ள, உலர்ந்த அலமாரியில் வையுங்கள். இடையிடையே போட்டு நடங்கள். உங்கள் பூட்ஸின் மேல்தோல் நன்றாக இருந்தால் எறிந்துவிட வேண்டாம். சில நிறுவனங்களும், மலையேற்றச் சப்பாத்து பழுதுபார்க்கும் சில கடைகளும் நடு அடுக்கோடு சேர்த்துப் புதிய அடிப்பகுதி பொருத்தித் தருகின்றன. செலவு புதிய பூட்ஸின் விலையில் பாதிக்கு மேல் போகாவிட்டால் செய்வித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, தள்ளுபடியில் கிடைப்பதானால், நாக்கின் உட்புறத்துச் சீட்டில் உற்பத்தித் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். கிடங்கில் நான்கு ஆண்டு கிடந்த பூட்ஸுக்கு அந்த நான்கு ஆண்டும் கணக்கில் சேர்ந்துதான் இருக்கும்.